சூரத் 1994: பிளேக் செய்தியும் யாரும் எண்ணாத எண்ணிக்கையும்

1994 அக்டோபர், தீபாவளிக்கு ஒரு மாசம்கூட முழுசா இல்ல, ஈரோட்டுல எங்க பெரியப்பா ஜவுளிக் கடைக்கு சூரத்ல இருந்து வந்த ஏழு பேல், அதாவது ஏழு பெரிய மூட்டை சேலை, லாரி ஆபீஸ்ல இறங்கி கெடக்குது, அதை எடுத்துட்டு வர ஆள் இல்ல. வருஷக் கணக்கா எங்க கடைக்கு மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர் வாசல்லயே நின்னுக்கிட்டு "மொதலாளி, நீங்க என்ன வேணா சொல்லுங்க, அந்த பேலை நான் தொடமாட்டனுங்க, எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க"ன்னு கையெடுத்து கும்பிட்டாரு. பெரியப்பா கோவிச்சுக்கல, ஏன்னா அவரே அன்னிக்கு காலைல சூரத்ல பிளேக்னு பேப்பர்ல படிச்சுட்டுதான் உக்காந்திருந்தாரு. எங்க அம்மாயி கோயம்புத்தூர்க்காரங்க, சின்ன வயசுல பிளேக் பாத்தவங்க, வீட்டுல எலி செத்து விழுந்தா சட்டிபானையோட தோட்டத்துல போய் குடிசை போட்டு இருப்போம்னு சொல்லுவாங்க, கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன்னு கோயிலே இருக்குறது எல்லாருக்கும் தெரியும். அவங்க "பிளேக்"னு பேரைக் கேட்டதும் வேற எதுவும் கேக்கல, பேலை வீட்டுப் பக்கமே கொண்டுவராதீங்கன்னு ஒரே பிடியா சொல்லிட்டாங்க.

நான் அப்ப எட்டாவது படிச்சேன். அன்னிக்கு கடைல ஓடுன பேச்சு இன்னும் காதுல இருக்கு, ஒருத்தர் "நம்ம பேப்பர்காரங்களே நம்ம நாட்டு மானத்தை வாங்கிட்டாங்க"ன்னாரு, இன்னொருத்தர் "இல்ல, வெள்ளைக்காரன்தான் நம்மள எலி நாடுன்னு காட்டுறான்"ன்னாரு. சொந்த நாட்டைப் பத்தி கெட்ட செய்தி வரும்போதெல்லாம் இந்த ரெண்டு பேச்சும்தான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. அதனாலதான் இந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்து முழுசா பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. நான் சொல்ல வர்றது ஒன்னுதான், சூரத் விஷயத்துல கெட்ட செய்தி எழுதுனது தப்பே இல்ல, எண்ணாம எழுதுனதுதான் தப்பு, அதுக்கு முன்னாடி எண்ணிச் சொல்ல வேண்டியவங்க வாயை மூடிக்கிட்டு இருந்தது அதைவிடப் பெரிய தப்பு.

கதை சூரத்ல ஆரம்பிக்கல. 1993 செப்டம்பர் 30-ந்தேதி மகாராஷ்டிராவுல லாத்தூர் பக்கம் கில்லாரில பூகம்பம் வந்து ஆயிரக்கணக்குல ஜனம் செத்துச்சு. சுத்துப்பட்டு ஊர்ல பயந்துபோன ஜனம் வீட்டை விட்டுட்டு வெளிய தகரக் கொட்டாய் போட்டு தங்குனாங்க, பழைய வீட்டுல தானியம் மட்டும் கெடந்துச்சு, எலி பெருகுச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல பக்கத்து பீட் மாவட்டத்துல மாம்லாங்குற கிராமத்துல எலி செத்து விழ ஆரம்பிச்சு, தெள்ளுப்பூச்சி தொல்லைன்னு ஜனம் புகார் சொல்லி, அப்புறம் சில பேருக்கு அக்குள்லயும் தொடையிடுக்குலயும் நெறி கட்டுச்சு. நெறி கட்டுற வகை பிளேக் அது. இந்தியாவுல 1966-க்கு அப்புறம் மனுஷனுக்கு பிளேக் வந்ததா பதிவே இல்ல, அதனால பிளேக்கை கண்காணிக்குற ஆளு, ஆய்வகம், பணம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போயிருந்துச்சு. மாம்லா செய்தி பேப்பர்ல வந்துச்சு, ஆனா உள்பக்கத்துல, ஏதோ ஒரு மூலைல. முன்பக்கத்துல வந்திருக்க வேண்டிய கெட்ட செய்தி அதுதான்னு எனக்கு தோணும், அப்ப யாரும் அதை சட்டை பண்ணல.

சூரத் வேற மாதிரி ஊர். விசைத்தறி, ஜரிகை, சாயப்பட்டறை, வைரம் பட்டை தீட்டுறதுன்னு காசு கொட்டுற ஊர், ஒடிசா, உத்தரப்பிரதேசம், மகாராஷ்டிரா, ஆந்திரான்னு எல்லா பக்கம் இருந்தும் ஆளுங்க பொழைக்க வந்து ஒரே ரூம்ல பத்து பேரு, பன்னெண்டு பேரு ஷிப்ட் மாத்தி மாத்தி படுக்குற ஊர். 1991 சென்சஸ்படி சுமார் 15 லட்சம் ஜனம், ஆனா குப்பை அள்ளுறதும் சாக்கடையும் பழைய கணக்குலயே நின்னுபோச்சு. அந்த வருஷம் மழைல தப்தி ஆறு பொங்கி தாழ்வான பகுதியெல்லாம் தண்ணி நின்னுச்சு, வடிஞ்சதுக்கு அப்புறம் செத்த ஆடு மாடும் சேறும் அங்கங்க கெடந்துச்சு. அது முடிஞ்ச கையோட விநாயகர் சதுர்த்தி ஊர்வலம், தெருவெல்லாம் ஜனக்கூட்டம். அதுக்கு ரெண்டொரு நாள்ல, செப்டம்பர் 20 வாக்குல, வேட் ரோடு பக்கத்து குடிசைப் பகுதில இருந்து திடகாத்திரமான வாலிபப் பசங்க காய்ச்சலும் இருமலுமா, ரத்தமா துப்பிக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, வந்த வேகத்துல செத்துப்போனாங்க.

இந்த எடத்துல கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஏன்னா செய்தி கெட்டுப்போனது இங்கதான். சளியை எடுத்து சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாத்தா பிளேக் கிருமி ரெண்டு முனையிலயும் சாயம் புடிச்சு சேஃப்டி பின் மாதிரி தெரியும், அதை வச்சு டாக்டருங்க சந்தேகப்படலாம், ஆனா கிருமியை வளத்து உறுதி பண்ண நாளாகும். அதாவது முதல் ரெண்டு மூணு நாள் உலகத்துல எந்த டாக்டராலயும் "இது பிளேக்தான்"னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. அந்த மாதிரி நேரத்துல அரசாங்கம் என்ன சொல்லணும்? "பிளேக்னு சந்தேகப்படுறோம், இத்தனை பேர் அட்மிட் ஆயிருக்காங்க, இத்தனை பேர் செத்திருக்காங்க, மருந்து இன்னது, இன்ன எடத்துல கிடைக்கும், சாயந்திரம் அஞ்சு மணிக்கு மறுபடி சொல்றோம்"னு தெளிவா சொல்லணும். அங்க ஒரு அதிகாரி நிமோனியான்னு சொல்றாரு, இன்னொருத்தர் பிளேக்குங்குறாரு, எண்ணிக்கை ஆளுக்கு ஒன்னா வருது. அதுக்குள்ள ஊர்ல குடிதண்ணில விஷம் கலந்துட்டாங்கன்னு வதந்தி கிளம்பிடுச்சு, 1992 கலவரத்துல ரத்தம் பாத்த ஊர் அது, அந்த வதந்தி எங்க போய் முட்டும்னு நெனச்சாலே பயமா இருக்கு.

அப்புறம் ஜனம் ஓடுச்சு. நாலஞ்சு நாள்ல லட்சக்கணக்கான பேரு, மூணு லட்சத்துக்கும் மேலன்னு பல பேரு சொல்றாங்க, ரயில் ஏறி பஸ் ஏறி லாரி மேல ஏறி ஊரைக் காலி பண்ணாங்க. தனியார் டாக்டருங்கள்ல பெரும்பகுதி ஆளுங்க கிளினிக்கைப் பூட்டிட்டு ஜனத்துக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க, மருந்துக்கடை பாதி மூடியாச்சு. ஆஸ்பத்திரில இருந்து நோயாளிங்க தப்பிச்சு ஓடாம இருக்க அதிரடிப்படையை காவலுக்கு போட்டாங்க. பிளேக்குக்கு குடுக்குற டெட்ராசைக்ளின் மாத்திரை சூரத்ல மட்டும் இல்ல, பம்பாய்ல, டெல்லியில, அப்புறம் நம்ம ஊர் மருந்துக்கடைலகூட கேட்டா இல்லைன்னாங்க, எங்க தெருவுல ஒருத்தர் எதுக்கும் இருக்கட்டும்னு நாப்பது மாத்திரை வாங்கி பீரோல பூட்டி வச்சிருந்தாரு.

இப்ப நிருபர் பக்கத்துல இருந்து பாருங்க. ஆஸ்பத்திரி வாசல்ல காவல், உள்ள விடமாட்டேங்குறாங்க, அதிகாரி சொல்ற எண்ணிக்கையை வெளிய ஒருத்தரும் நம்பல, பாதி ஊர் பூட்டி கெடக்குது. ஆபீஸ்ல இருந்து போன் மேல போன், "எத்தனை?"ன்னு. சுடுகாட்டுல விசாரிச்சா ஒரு கணக்கு, ரயில்வே ஸ்டேஷன்ல ஓடிக்கிட்டு இருக்குறவனை நிறுத்தி கேட்டா வேற கணக்கு, பயந்து ஓடுறவன் சொல்ற கணக்கு எப்பவும் பெருசாத்தான் இருக்கும். அதனால அரசாங்கம் சில பத்து பேருன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே சில பேப்பர்ல நூத்துக்கணக்குல சாவுன்னு அச்சாச்சு. அது செய்தி ஏஜென்சி வழியா வெளிநாட்டுக்கு போகுது, அங்க பேப்பர்லயும் டிவிலயும் "இந்தியப் பத்திரிகைகள் சொல்வதாக"ன்னு வருது, மறுநாள் அதையே நம்மாளுங்க எடுத்து "வெளிநாட்டுப் பத்திரிகையே சொல்லுது"ன்னு போடுறாங்க. ஒரே வதந்தி கடல் தாண்டி போயிட்டு வந்ததும் சாட்சி ஆயிடுச்சு. பெரியப்பா பேப்பரை பொட்டலம் கட்டக்கூட குடுக்காம சேத்து வைக்குற ஆளு, பின்னாடி ஒருநாள் நான் அந்தக் கட்டைப் பிரிச்சு பாத்தப்ப ஒரே தேதி போட்ட ரெண்டு பேப்பர்ல சாவு எண்ணிக்கை ரெண்டு விதமா இருந்துச்சு, ரெண்டுலயும் யார் எண்ணுனாங்கன்னு ஒரு வரி கிடையாது.

எல்லாம் அடங்கி கணக்கு பாத்தப்ப நாடு முழுக்க, பீட், சூரத், டெல்லி எல்லாம் சேத்து, பிளேக்ல செத்தவங்க 50-க்கு கொஞ்சம் மேல. அம்பது உயிர் சின்ன விஷயம்னு நான் சொல்லவே இல்ல, ஒவ்வொன்னும் ஒரு வீட்டோட விளக்கு, அதுல பல பேரு தறி ஓட்ட வந்த பசங்க. ஆனா அதே செப்டம்பர்ல, அதே இந்தியாவுல, காசநோய்ல ஒரு நாளைக்கு ஆயிரம் பேர்ங்குற கணக்குல செத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த ஆயிரம் பேருக்கு ஒரு தலைப்பு இல்ல, ஒரு விமானம் நிக்கல, ஒரு மந்திரி பேட்டி குடுக்கல. பாரபட்சம் எங்க இருக்குன்னு கேட்டா முதல்ல இதைத்தான் காட்டுவேன். எதை எழுதுனாங்கங்குறதை விட எதை தினமும் எழுதாம விட்டாங்கங்குறதுலதான் அது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, அதுல நம்ம பேப்பர், வெளிநாட்டு பேப்பர்னு வித்தியாசமே இல்ல.

வெளிநாட்டு கதைக்கு வருவோம். பிளேக்ங்குற வார்த்தை ஐரோப்பாக்காரனுக்கு வெறும் நோயோட பேரு இல்ல, 14-ம் நூற்றாண்டுல அவன் ஊர்ல மூணுல ஒரு பங்கு ஜனத்தை வாரிக்கிட்டு போன கறுப்புச் சாவு அது, அவன் பாட்டி கதைலயே இருக்கு. அதனால செய்தி போனதும் அங்க அந்தப் பழைய பயம்தான் எழுந்து நின்னுச்சு, கூடவே "இந்தியான்னா அழுக்கு, கூட்டம், எலி"ன்னு ஏற்கெனவே மனசுல இருந்த படமும் சேந்துக்குச்சு. வளைகுடா நாடுகள் விமானத்தை நிறுத்துச்சு, ஐக்கிய அரபு அமீரகம் சரக்கையும் தடுத்துச்சு, பல நாட்டு ஏர்போர்ட்ல இந்தியாவுல இருந்து வந்தவங்களை தனியா நிறுத்தி சோதிச்சாங்க, விமானத்துக்கு புகை போட்டாங்க, டூரிஸ்ட் சீசன் படுத்துச்சு. இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் பயணத்தையோ வியாபாரத்தையோ நிறுத்தச் சொல்லவே இல்ல. நஷ்டம் சுமார் 200 கோடி டாலர்னு பின்னாடி மதிப்பிட்டாங்க. அதுல எங்க கடை கணக்கு ஒரு தூசிகூட இல்ல, ஆனா துபாய்க்கு காய்கறியும் துணியும் ஏத்திக்கிட்டு இருந்த சின்ன சின்ன ஆளுங்க எத்தனை பேரு அந்த ரெண்டு மாசத்துல வட்டிக்கு வாங்கி முழிச்சாங்கங்குறதுக்கு கணக்கே இல்ல.

இங்க ஒன்னு சொல்லியே ஆகணும். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ பக்கம் வருஷா வருஷம் சில பேருக்கு பிளேக் வருது, சராசரியா வருஷத்துக்கு ஏழு பேரு வாக்குல, அங்க காட்டு அணில்லயும் மண்ணுல வளை தோண்டுற பிராணிலயும் அந்தக் கிருமி இருக்கு. அதுக்காக டென்வர்ல இருந்து வர்ற விமானத்துக்கு யாராவது புகை போட்டாங்களா? அங்க எண்ணிக்கை உடனே வெளிய வருது, பேப்பர்ல ஒரு மூலைல வருது, ஜனம் படிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பிடுது. அமெரிக்காவுல வந்தா அது ஒரு நோய், இந்தியாவுல வந்தா அது இந்தியாவோட குணம், இப்படி எழுதுறதுதான் உண்மையான பாரபட்சம், அதுக்கு கோவப்படுறதுல ஒரு தப்பும் இல்ல.

ஆனா கோவம் இதோட நிக்கணும். "அப்ப எழுதாமலே இருந்திருக்கலாமே"ன்னு சொல்ற எடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். சூரத்ல வந்தது நெறி கட்டுற வகை இல்ல, நுரையீரலைத் தாக்குற வகை, எலி, தெள்ளுப்பூச்சி எதுவும் வேண்டாம், இருமல்லயே அடுத்தவனுக்கு தொத்தும், முதல் நாளே சரியான மருந்து உள்ள போகலைன்னா பொழைக்குறது அபூர்வம். மருந்து என்னவோ டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின்னு சாதாரணமா கிடைக்குறதுதான். அப்படின்னா சேதி எவ்வளவு சீக்கிரம் ஜனத்துக்கு போகுதோ அவ்வளவு உயிர் தப்பும். காய்ச்சல், இருமல்னா வீட்டுல படுக்காத, ஓடு ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு பேப்பர் எழுதி அதை படிச்சுட்டு ஒருத்தன் போய் பொழைச்சிருந்தா, அந்தக் கெட்ட செய்திக்கு நாடு கடன்பட்டிருக்கு. நாட்டு மானத்துக்காக அதை அமுக்கியிருந்தா செத்தவங்க அதிகம் ஆயிருப்பாங்க, அதை எண்ணிப் பாத்திருக்குற ஒரே ஆளு சுடுகாட்டு வெட்டியானாத்தான் இருந்திருப்பாரு.

அடங்குனதுக்கு அப்புறம் இன்னொரு பக்கம் சாஞ்சாங்க. அது பிளேக்கே இல்ல, வேற ஏதோ காய்ச்சல், அவசரப்பட்டு பேரு வச்சு நாட்டை அசிங்கப்படுத்திட்டாங்கன்னு ஒரு பேச்சு பெருசா கிளம்புச்சு, படிச்ச டாக்டருங்களே சந்தேகம் சொன்னாங்க. சந்தேகத்துக்கு காரணமும் இருந்துச்சு, ஏன்னா ஆரம்பத்துல எடுத்த மாதிரிகளை ஒழுங்கா சேத்து வைக்கல, வளத்துப் பாத்து காட்டுன ஆதாரம் கம்மியா இருந்துச்சு, இவ்வளவு பேரு ஓடியும் மத்த ஊர்ல ஏன் பரவலங்குற கேள்வியும் நியாயமானதுதான். மத்திய அரசு டாக்டர் ராமலிங்கசாமி தலைமைல ஒரு கமிட்டி போட்டுச்சு, அவங்க பிளேக்தான்னு சொன்னாங்க. 2000-வாக்குல மரபணு சோதனை பண்ணி பாத்த இந்திய விஞ்ஞானிகளும் அதே கிருமிதான்னு உறுதி பண்ணாங்க. ஆனா "பிளேக் வந்துருச்சு"ன்னு கொட்டை எழுத்துல போட்டவங்க "பிளேக்கே இல்லையாம்"னும் கொட்டை எழுத்துல போட்டாங்க, ஆறு வருஷம் கழிச்சு வந்த முடிவை எத்தனை பேரு படிச்சிருப்பாங்க? எங்க கடைல இன்னிக்கு கேட்டாலும் அது பொய் பிளேக்குன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி.

அந்த நேரத்துல உருப்படியா எழுதுனவங்களும் இருந்தாங்க, அதை சொல்லாம விட்டா பாவம். எத்தனை செத்தாங்கன்னு மட்டும் கேக்காம, குப்பையை ஏன் அள்ளல, குடிசைப் பகுதிக்கு ஏன் சாக்கடை இல்ல, காசு கொழிக்குற ஊர்ல மாநகராட்சி ஏன் இப்படி கெடக்குது, பிளேக் கண்காணிப்பை யாரு கைவிட்டாங்கன்னு கேட்டு எழுதுனாங்க. அதுவும் நாட்டைப் பத்தின கெட்ட செய்திதான், இன்னும் சொல்லப்போனா சாவு எண்ணிக்கையை விட கசப்பான செய்தி. அந்த அவமானம் சூரத்துக்காரங்களுக்கு உள்ள இறங்குச்சு. 1995 மே மாசம் எஸ்.ஆர்.ராவ்னு ஒருத்தர் மாநகராட்சி கமிஷனரா வந்தாரு. ஏசி ரூம்ல உக்காந்திருந்த அதிகாரிங்களை காலைல தெருவுக்கு இறக்குனாரு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆளை பொறுப்பாக்கி அதிகாரமும் குடுத்தாரு, ராத்திரில தெரு கூட்ட வச்சாரு, குப்பை போட்ட ஓட்டலுக்கும் கடைக்கும் அபராதம் போட்டாரு, ரோட்டை அடைச்சு கட்டுன பெரிய ஆளுங்க கட்டடத்தையும் இடிச்சாரு. ரெண்டு வருஷம்கூட ஆகல, சண்டிகருக்கு அடுத்து நாட்டுலயே சுத்தமான ஊர்னு, பாரம்பரியத்தைப் பாதுகாக்குற இன்டாக் அமைப்பு சூரத்தை சொல்லுச்சு. ஊர் சுத்தத்துக்கு மத்திய அரசு போடுற ஸ்வச் சர்வேக்ஷன் ரேங்குல, 2023-ல இந்தூரோட சேந்து முதல் எடம். எலி ஊர்னு கேமரா தூக்கிட்டு வந்த வெளிநாட்டு டிவில எத்தனை பேரு துடைப்பம் எடுத்ததை படம் புடிக்க திரும்பி வந்தாங்க? நம்ம டிவிலயும்தான் எத்தனை பேரு போனாங்க?

2014-ல மங்கள்யான் செவ்வாய்க்கு போய் சேந்தப்ப நியூயார்க் டைம்ஸ் ஒரு கார்ட்டூன் போட்டுச்சு, மாட்டைப் புடிச்சுக்கிட்டு ஒரு இந்திய விவசாயி பெரிய மனுஷங்க விண்வெளி கிளப் கதவைத் தட்டுற மாதிரி. நாடே கொதிச்சுச்சு, அந்தப் பத்திரிகை மன்னிப்பும் கேட்டுச்சு. எனக்கும் அன்னிக்கு சுருக்குன்னுச்சு, ஆனா அந்த கார்ட்டூனால ஒரு பேல் சேலைகூட தேங்கல. 1994-ல எண்ணாம போட்ட எண்ணிக்கைக்கு யாராவது மன்னிப்பு கேட்டதா நான் பாத்ததில்ல, நாமளும் யாரையும் கேக்கல. கேலிக்கு நமக்கு ரோஷம் வர்ற அளவுக்கு தப்பான கணக்குக்கு ரோஷம் வரல, வந்திருக்கணும்னு நெனைக்கிறேன்.

சூரத்ல பட்ட அடி வெளிய ஒரு வேலையும் பண்ணுச்சு. நோய் வந்ததை ஒத்துக்குற நாட்டை மத்த நாடுங்க இப்படி அடிச்சா நாளைக்கு எவனும் வாயே திறக்க மாட்டான்னு புரிஞ்சுக்கிட்டு, பழைய சர்வதேச சுகாதார விதிகளை மாத்தணும்னு உலக சுகாதார நிறுவனத்துல 1995-ல தீர்மானம் போட்டு, பத்து வருஷம் பேசி 2005-ல புது விதி கொண்டாந்தாங்க. அதுலயும் தேவையில்லாம விமானத்தை நிறுத்தாதேன்னுதான் இருக்கு. ஆனா 2021 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா ஒமிக்ரான் வகை வந்திருக்குன்னு நேர்மையா உலகத்துக்கு சொன்னப்ப, சொன்ன கையோட பணக்கார நாடுங்க அவங்க விமானத்தை நிறுத்துச்சு. அந்த செய்தியை படிச்சப்ப எனக்கு எங்க கடை வாசல்தான் ஞாபகம் வந்துச்சு.

நம்ம ஊர்ல 2020-ல நடந்ததையும் இதோட வச்சுப் பாக்கணும். தமிழ்நாட்டுல சுகாதாரத்துறை தினமும் சாயந்திரம் கொரோனா அறிக்கை குடுக்கும், மாவட்டவாரியா எண்ணிக்கை, செத்தவங்க வயசு, கூட இருந்த நோய் எல்லாம் போட்டு. சென்னைல மாநகராட்சி சாவுப் பதிவுக்கும் மாநில அறிக்கைக்கும் இடிக்குதேன்னு நிருபர்ங்க ரெண்டு கணக்கையும் பக்கத்துல வச்சு எழுதுனாங்க. அரசாங்கத்துக்கு கசப்புதான், ஊருக்கு கெட்ட பேருதான். ஆனா கமிட்டி போட்டு பாத்து, ஜூலை 22-ந்தேதி விட்டுப்போன 444 சாவை ஒரே நாள்ல கணக்குல சேத்தாங்க. அதுலயும் குறை சொல்ல எடம் உண்டு, எனக்குத் தெரியும். ஆனாலும் இங்க செய்தி ஓடுன வழி வேற, ஏட்டுல இருந்து ஏட்டுக்கு ஓடுச்சு. ஓடுற ஜனத்தை ரயில்வே ஸ்டேஷன்ல நிறுத்தி எண்ணிக்கை கேக்க வேண்டிய நிலைமை எந்த நிருபருக்கும் வரல. 1994 செப்டம்பர்ல சூரத் ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு போர்டு வச்சு, காலைல ஒரு தடவை சாயந்திரம் ஒரு தடவை சாக்பீஸ்ல உண்மையான எண்ணிக்கையை எழுதியிருந்தா, ஓடுன ஜனத்துல எவ்வளவோ பேரு நின்னு யோசிச்சிருப்பாங்க.

எங்க பேல் கதையை முடிக்காம விட்டுட்டேன். ஒரு வாரம் பாத்துட்டு பெரியப்பாவே ஒரு தட்டுவண்டி புடிச்சு லாரி ஆபீஸ் போயி, கூட எங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டு, ரெண்டு பேருமா ஏத்திக்கிட்டு வந்தாங்க. கடைக்குள்ள கொண்டுவரல, பின்னாடி காலி எடத்துல வெயில்ல போட்டு சுத்தி பிளீச்சிங் பவுடர் தூவி, ஒரு குடும்ப டாக்டர்கிட்ட போய் கேட்டாங்க. அவரு துணி பேல்ல இருந்து அந்த சூரத் வகை தொத்தாது, தைரியமா பிரிங்கன்னாரு. பெரியப்பா பிரிக்கத் தயார், ஆனா வாங்குறதுக்கு ஆள் வேணுமே. "இது சூரத் சேலையா?"ன்னு கேட்டுட்டு பொம்பளைங்க கையை எடுத்துக்கிட்டாங்க, அந்த தீபாவளிக்கு கைத்தறியும் காட்டனும் ஓடுச்சு, சிந்தெடிக் அப்படியே கெடந்துச்சு. நடுவுல எஸ்டிடி பூத்துக்கு போய் சூரத் ஏஜென்டுக்கு போன் போட்டாரு, அந்த ஆளு எடுத்ததும் பணத்தைப் பத்தி கேக்கல, "சேட், உங்க ஊர் பேப்பர்ல எத்தனைன்னு போட்டிருக்காங்க?"ன்னு கேட்டாராம். சூரத்ல இருக்குறவருக்கு ஈரோட்டு பேப்பர்ல இருந்து கணக்கு தெரிய வேண்டியிருந்துச்சு. பெரியப்பா அன்னிக்கு போட்டிருந்த எண்ணிக்கையை படிச்சுக் காட்டுனாரு, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பொங்கலுக்கு முன்னாடி அந்த ஏழு பேலையும் கொள்முதல் விலைக்கும் கீழ, லேபிளைக் கிழிச்சுட்டு, சந்தைல வச்சு வித்தோம்.